கலப்புக் கற்றலில் ஏஐ: கல்லூரி மாணவர்களுக்கு உதவியா, உபத்திரவமா?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2021 மே மாதம் ஒரு வரைவுக் குறிப்பை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதியை வகுப்பறையில் நடத்தலாம் என்பது அதன் சாரம். கொரோனா இரண்டாம் அலை ஆட்டிப்படைத்த நேரம் அது.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2022 நவம்பர் 30ஆம் தேதி, சாட்ஜிபிடி வந்தது.

இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இன்று கல்லூரிகளில் நடக்கும் குழப்பம் புரியும். பாடத்தின் ஒரு பகுதியை வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் அனுப்பலாம் என்று யுஜிசி சொன்னபோது, அங்கே மாணவர் கையில் இருந்தது ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸ்அப் குரூப். கேட்டதும் பத்து நொடியில் விடை எழுதித் தரும் கருவி அன்றைக்கு அங்கே இல்லை. இன்றைக்கு இருக்கு. அதுவும் இலவசமா, எல்லார் போன்லயும்.

அப்படியென்றால் அந்த ஆன்லைன் பகுதியில் படிப்பது மாணவரா, ஏஐயா? 'ஏஐ வந்தாச்சு, இனி வாத்தியாரே வேண்டாம்' என்று ஒரு பக்கம் பேச்சு. 'ஏஐ பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஆதாரம் காட்ட முடியும். ஆனால் அந்த ஆதாரங்களை வரிசையாகப் படித்தால் விஷயம் வேறு எங்கோ இருப்பது தெரிகிறது.

முதல்ல, கலப்புக் கற்றல்னா என்ன?

பிளெண்டட் லேர்னிங் என்று ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் தமிழில் கலப்புக் கற்றல் என்கிறோம். வகுப்பறையில் கொஞ்சம், ஆன்லைனில் கொஞ்சம். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் வகுப்பில் நடத்திய அதே பாடத்தை ஜூமில் இன்னொரு முறை நடத்துவது கலப்புக் கற்றல் ஆகாது. எந்த வேலையைத் தனியாக இருக்கும்போது செய்யலாம், எந்த வேலைக்கு ஆசிரியரும் சக மாணவர்களும் எதிரில் இருக்க வேண்டும் என்று பிரிப்பதுதான் இதன் அடிப்படை. பாடத்தைக் கேட்பது வீட்டில், கணக்குப் போடுவதும் சந்தேகம் தீர்ப்பதும் வகுப்பில் என்பது ஒரு வகை. இதற்குத் தலைகீழ் வகுப்பறை என்று பெயர்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம். 2012இல் அங்கே மின்சுற்றுப் பாடத்துக்கு எம்ஐடியின் வீடியோக்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். வகுப்பு நேரம் முழுக்க ஆசிரியர் முன்னால் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் வேலை. அதுவரை 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தேர்ச்சி, அந்த வகுப்பில் 91 சதவீதத்தைத் தொட்டது.

அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகம் வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்து சில பாடங்களை முழுக்க முழுக்க ஆன்லைனில் நடத்திப் பார்த்தது. தேர்ச்சி விகிதம் சரிந்தது. 2013 ஜூலையில் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். வீடியோ இரண்டு முறையும் இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம் முதல் முறை இருந்தது, இரண்டாவது முறை இல்லை.

இந்தியாவில் இது எப்படி நடக்கிறது?

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் அதில் பெரும் பங்கு. ஒரு செமஸ்டரில் எடுக்க வேண்டிய பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மூலம் முடித்து கிரெடிட் பெறலாம் என்று 2021இல் விதியே வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 'என்பிடெல் எடுத்துட்டியா?' என்பது சாதாரணக் கேள்வி.

ஏஐ இதில் எங்கே நுழைகிறது?

ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில். வகுப்பில் புரிந்த மாதிரி இருந்தது, இரவு உட்கார்ந்து போட்டால் வரவில்லை. யாரைக் கேட்பது? ஆசிரியருக்கு போன் பண்ண முடியாது. நண்பனிடம் மூன்றாவது முறை கேட்கக் கூச்சம். 'இதுகூடத் தெரியாம எப்படி பாஸ் பண்ணி வந்தே?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் அதிகம். அந்த இடத்தில் சலிக்காமல் பத்தாவது முறையும் விளக்கும் ஒரு கருவி வருவது சின்ன விஷயம் இல்லை.

தனி ஆசிரியர் வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதினார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் முன்னணியில் இருக்கும் இரண்டு சதவீதம் பேரின் நிலைக்கு வந்துவிடுகிறார் என்பது அவரது கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு ஆசிரியர் என்ற கனவு கல்வி உலகை விடவே இல்லை. ஆளுக்கொரு மனிதரை வைக்க எந்தப் பல்கலைக்கழகத்திடமும் பணம் இல்லை என்பதுதான் சிக்கல்.

2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கணினி அறிவியல் பேராசிரியர் அசோக் கோயல் இதை முயன்றார். ஆன்லைனில் நடந்த அவரது பாடத்தில் சுமார் 300 பேர். ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 10,000 கேள்விகளும் பதில்களும் குவியும். அவற்றைச் சமாளிக்க ஐபிஎம் வாட்சன் தொழில்நுட்பத்தில் 'ஜில் வாட்சன்' என்ற உதவி ஆசிரியரை உருவாக்கினார். விடை சரி என்று 97 சதவீதம் உறுதி இருந்தால் மட்டுமே அது மாணவர்களுக்குப் பதில் சொல்லும். இல்லாவிட்டால் மனித உதவியாளருக்கு விட்டுவிடும். செமஸ்டர் முடியும் தறுவாயில் பேராசிரியரே சொல்லும்வரை ஜில் ஒரு கணினி என்பதே மாணவர்களுக்குத் தெரியாது. மாணவர்களிடம் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசாத ஏஐ அது. இன்றைய சாட்பாட்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு.

சாட்பாட்டைக் கையில் கொடுத்தால் மார்க் ஏறுமா?

ஏறும். பிறகு இறங்கும். இதைத் தெளிவாகக் காட்டியது 2023இல் துருக்கியில் நடந்த ஒரு சோதனை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தியது. நடந்த இடம் உயர்நிலைப் பள்ளிதான், கல்லூரி இல்லை. ஆனாலும் கல்லூரிகள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கிட்டத்தட்ட 1,000 மாணவர்கள், கணக்குப் பாடம். முதலில் ஆசிரியர் வகுப்பு எடுப்பார். பிறகு மாணவர்கள் பயிற்சிக் கணக்குகள் போடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தேர்வு. பயிற்சி நேரத்தில் மட்டும் மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும். இரண்டாவது பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற சாட்பாட். மூன்றாவது பிரிவுக்கு அதே ஏஐ, ஆனால் கடிவாளம் போட்டது. நேராக விடை சொல்லக் கூடாது, குறிப்பு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு. ஒவ்வொரு கணக்கின் சரியான விடையையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் ஆசிரியர்கள் அதற்கு முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார்கள்.

பயிற்சியின்போது, புத்தகத்தை வைத்துப் படித்தவர்களைவிடச் சாதாரண சாட்பாட் வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் அதிகம் எடுத்தார்கள். கடிவாளம் போட்ட ஏஐ வைத்திருந்தவர்கள் 127 சதவீதம் அதிகம். எல்லாரும் மகிழ்ச்சி.

அடுத்து, கருவி எதுவும் இல்லாத தேர்வு. சாதாரண சாட்பாட் வைத்திருந்தவர்கள், ஏஐயே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அதாவது ஏஐ கொடுக்காமலே இருந்திருந்தால் நன்றாகச் செய்திருப்பார்கள். கடிவாளம் போட்ட ஏஐ பிரிவில் இந்தச் சரிவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஏஐ இல்லாதவர்களைவிட உயர்வும் இல்லை. 127 சதவீதம் என்ற அந்தப் பெரிய எண் தேர்வு அறைக்குள் வந்ததும் காணாமல் போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. சாதாரண சாட்பாட் பிரிவினருக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்ற நினைப்பிலேயே தேர்வுக்குப் போனார்கள். அவர்கள் சாட்பாட்டிடம் பேசியதைப் பார்த்தபோது, அடிக்கடி கேட்கப்பட்டது 'விடை என்ன?' என்பதுதான். அந்த சாட்பாட் கொடுத்த விடைகளில் ஏறக்குறைய பாதி தவறு என்பது இந்தக் கதையின் உச்சம்.

அப்போ ஹார்வர்டில் மட்டும் எப்படி வேலை செய்தது?

அதே 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு நேர் எதிராக இருந்தது. உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கான அடிப்படை இயற்பியல் பாடம், 194 மாணவர்கள். ஒரு வாரம் பரப்பு இழுவிசை, அடுத்த வாரம் திரவங்களின் ஓட்டம். பாதிப் பேர் வகுப்பறையில், பாதிப் பேர் வீட்டில் ஏஐ ஆசிரியரோடு. அடுத்த வாரம் இரு பிரிவும் இடம் மாறினார்கள். வகுப்பறை என்றால் ஆசிரியர் பேசிக்கொண்டே போகும் வகுப்பும் இல்லை. குழுவாகக் கணக்குப் போட்டு விவாதிக்கும், நன்றாக நடத்தப்படும் வகுப்பு.

ஏஐயோடு படித்தபோது கற்றல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வகுப்பு ஒரு மணி நேரம் என்றால், வீட்டில் படித்த நடுத்தர மாணவருக்குப் பிடித்த நேரம் 49 நிமிடம். 2025இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் இது வெளியானதும், 'ஆசிரியரை வென்றது ஏஐ' என்ற ரீதியில் தலைப்புகள் பறந்தன.

ஆனால் ஆய்வைப் படித்தால் அங்கேயும் ஆசிரியர்தான் வேலை செய்திருக்கிறார். எந்தக் கணக்கை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு படிதான் நகர வேண்டும், மாணவர் முயன்று பார்க்கும் முன் விடையைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஏஐ தப்பாகக் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கணக்குக்கும் முழு விடையையும் படிப்படியாக உள்ளே வைத்தார்கள். 49 நிமிடத்துக்குப் பின்னால் எவ்வளவு மணி நேர உழைப்பு இருந்தது என்பது தலைப்பில் வராது. மாணவர்கள் ஹார்வர்டு மாணவர்கள், சோதனை இரண்டே வாரம், தேர்வு பாடம் முடிந்த கையோடு நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, துருக்கியில் சறுக்கியதும் ஹார்வர்டில் ஏறியதும் ஒரே வகைத் தொழில்நுட்பம்தான். மாணவர் 'விடை என்ன' என்று கேட்டதும் ஏஐ என்ன செய்தது என்பதில்தான் வித்தியாசம்.

ஹார்வர்டின் புகழ்பெற்ற சிஎஸ்50 கணினிப் பாடத்திலும் இதே வழிதான். நிரலில் பிழை வந்தால் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்குப் புரிகிற மாதிரி வரிவரியாக விளக்கு, பிழை தானாகத் தெரியும் என்பது நிரலாளர்களிடையே பழைய வழக்கம். 2023இல் அந்த வாத்துக்குப் பேச்சு வந்தது. சிஎஸ்50 வாத்து என்ற சாட்பாட் குறிப்புகள் கொடுக்கும், நிரலை எழுதித் தராது. கேள்வி கேட்கக் கேட்க, வீடியோ கேமில் உயிர் குறைவது போல இதயக் குறிகள் குறையும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீண்டும் நிரம்பும். அந்தக் காத்திருப்பில் மாணவர் தானே யோசிக்கட்டும் என்பது கணக்கு.

நம்ம ஊர் மாணவர் போனில் இருப்பது எது?

பெரும்பாலும் கடிவாளம் இல்லாதது. 2025இல் இந்திய மாணவர்களுக்கு கூகுள் தனது ஜெமினியின் கட்டணப் பதிப்பை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. சாட்ஜிபிடியிலும் அதே ஆண்டு ஜூலையில் 'ஸ்டடி மோட்' வந்தது. அதில் நேராக விடை சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்கும். நல்ல வசதிதான். ஆனால் அதை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும் மாணவர் கையில். நாளை காலை ஒன்பது மணிக்கு அசைன்மென்ட் வைக்க வேண்டிய ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்கு அதை ஆன் செய்து வைத்திருப்பார் என்று நம்புவது கொஞ்சம் அதிகப்படி.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் மொத்தமாக வாங்கிவிட்டன. அரிசோனா அரசுப் பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் ஓபன்ஏஐயுடன் ஒப்பந்தம் போட்டது. 2025 பிப்ரவரியில் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழக அமைப்பு தனது 4.6 லட்சம் மாணவர்களுக்கு சாட்ஜிபிடியின் கல்விப் பதிப்பைக் கொடுப்பதாக அறிவித்தது. பணம் உள்ளவருக்கு நல்ல ஏஐ, இல்லாதவருக்குச் சுமாரான ஏஐ என்ற ஏற்றத்தாழ்வு இதனால் குறையும். ஆனால் பாடத்துக்கு ஏற்ற கடிவாளத்தை ஒவ்வொரு ஆசிரியரும்தான் போட வேண்டும். அதை எந்த ஒப்பந்தமும் சேர்த்துத் தராது.

தமிழில் கேட்டால் சொல்லுமா?

சொல்லும். தரம் மட்டும் ஏறி இறங்கும். இந்தக் கருவிகள் இணையத்தில் உள்ள எழுத்தைப் படித்துத்தான் பழகியிருக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் சுமார் 70 லட்சம் கட்டுரைகள் என்றால் தமிழில் 1.7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பொறியியல், மருத்துவப் பாடங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால் அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் விளக்கம் மொட்டையாக வருவதும், கலைச்சொல் குழம்புவதும் நடக்கும்.

ஆனால் தமிழ் வழியில் படித்து வந்த மாணவருக்கு ஏஐ உண்மையில் கைகொடுக்கும் இடமும் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை 'முடுக்கம்', 'திசைவேகம்', 'வகைக்கெழு' என்று படித்தவர், கல்லூரி முதல் நாள் 'ஆக்சலரேஷன்', 'வெலாசிட்டி', 'டெரிவேடிவ்' என்று கேட்கிறார். பாடம் தெரியும், பெயர்தான் மாறிவிட்டது. இது புரியாமல் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்ட மாணவர்கள் எத்தனை பேர்! அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கியதன் பின்னாலும் இந்தச் சிக்கல்தான் இருந்தது.

இன்று என்பிடெல் வீடியோவின் எழுத்து வடிவத்தை எடுத்து, 'இதைத் தமிழ்நாட்டுப் பாடநூலில் வரும் சொற்களை வைத்து விளக்கு, ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் கொடு' என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியாகவே வருகிறது. வெறுமனே தலைப்பைக் கொடுத்துக் கேட்பதைவிட, பாடத்தையே கையில் கொடுத்துக் கேட்கும்போது ஏஐ சொந்தச் சரக்கைக் குறைவாகச் சேர்க்கும். வரும் கலைச்சொற்களைப் பழைய பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இந்திய மொழிகளுக்கான ஏஐயை மேம்படுத்தும் வேலையில் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், மத்திய அரசின் பாஷினி திட்டமும் இருக்கின்றன.

வகுப்பறைக்குள் என்ன மாற வேண்டும்?

இது ஆசிரியர்கள் பக்கம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் சொற்பொழிவை நிறுத்திவிட்டு, கேள்வி கேட்டு மாணவர்களை ஒருவருக்கொருவர் விவாதிக்க வைக்கும் முறையைத் தொடங்கினார். வகுப்புக்கு வரும் முன்பே படித்துவிட்டு, எது புரியவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும் என்பது இந்த வகை வகுப்புகளில் பிறகு வந்த வழக்கம். அருமையான யோசனை. நடைமுறையில்? அறுபது பேர் எழுதியதை ஒரு ஆசிரியர் அடுத்த நாள் காலைக்குள் எப்படிப் படிப்பார்? அதுவும் நாலு வகுப்பு எடுப்பவர்?

இங்கேதான் ஏஐயின் பயன் அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. அறுபது பேரின் சந்தேகங்களைப் படித்து, 'இருபத்தைந்து பேர் இதே படியில் தடுக்கி விழுகிறார்கள்' என்று தொகுத்துக் கொடுப்பது அதற்குச் சில நொடி வேலை. மறுநாள் வகுப்பு அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். இரவில் போனில் நடந்ததும் காலையில் வகுப்பில் நடப்பதும் அப்போதுதான் ஒட்டும். மாணவர்களின் பெயரையும் பதிவெண்ணையும் நீக்கிவிட்டு அந்தச் சந்தேகங்களை ஏஐயிடம் கொடுப்பது முக்கியம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

மதிப்பெண்ணும் மாற வேண்டும். என்பிடெல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாராந்திர ஆன்லைன் அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், நேரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 மார்க். ஏஐ வருவதற்கு முன்பே அந்த 25 மார்க்குக்கு யூடியூபிலும் டெலிகிராமிலும் விடை கிடைத்தது. இன்று அது இன்னும் சுலபம். ஆனால் 75 மார்க் தேர்வு மையத்தில் இருப்பதால் துருக்கியில் நடந்தது இங்கேயும் நடக்கும். அசைன்மென்ட்டில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் தேர்வில் திணறுவார். முழுக்க வீட்டிலிருந்தே மதிப்பெண் போடும் கல்லூரிகளில் இந்தத் திணறல்கூட வெளியே தெரியாது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரண்டு பாதையாகப் பிரித்திருக்கிறது. ஒன்று கண்காணிப்பில் நடப்பது. நேர்முகத் தேர்வு, வாய்மொழித் தேர்வு போன்றவை. மற்றது வீட்டில் செய்வது. அதில் ஏஐ பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொடுத்துவிட்டு 'ஏஐயைத் தொடாதே' என்று சொல்வதை யாராலும் கண்காணிக்க முடியாது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது. நம்ம ஊரில் லேப் தேர்வில் வைவா என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அசைன்மென்ட் வைத்தவரிடம் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும், யார் எழுதியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

'ஏஐ எழுதியது' என்று சாஃப்ட்வேர் சொன்னால் நம்பலாமா?

மாணவர்களை அதிகம் பாதிக்கும் விஷயம் இது.

பல கல்லூரிகள் அசைன்மென்ட்களை ஏஐ கண்டறியும் சாஃப்ட்வேரில் போட்டு, அது காட்டும் சதவீதத்தை வைத்து முடிவு செய்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட ஏழு சாஃப்ட்வேர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதம் 'ஏஐ எழுதியது' என்று வந்தது. ஏழில் ஒன்றாவது தவறாகக் குற்றம் சாட்டிய கட்டுரைகள் 89. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் இந்தத் தவறு கிட்டத்தட்ட இல்லை.

காரணம் எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிகிறதா என்பதை இந்த சாஃப்ட்வேர்கள் பார்க்கின்றன. ஊகிக்க முடிந்தால் ஏஐ என்ற சந்தேகம் கூடும். ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவர், தப்பு வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த சொற்களை வைத்து, பாடப்புத்தகத்தில் பார்த்த மாதிரியே வாக்கியம் அமைப்பார். கவனமாக எழுதுபவர்தான் மாட்டுகிறார்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. 2022இல் அங்கே 75,000 கட்டுரைகள் சரிபார்க்கப்பட்டன. ஒரே ஒரு சதவீதம் தவறினாலும் 750 கட்டுரைகள் அநியாயமாக மாட்டும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டது.

இந்தியாவிலும் 2024 நவம்பரில் சட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர், தன் விடைத்தாளை ஏஐ எழுதியது என்று சொல்லித் தோல்வி போட்டதை எதிர்த்து பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் போனார். பல்கலைக்கழகம் முடிவை மாற்றித் தேர்ச்சி கொடுத்தது, வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆய்வேடுகளில் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை என்று யுஜிசியின் 2018 விதி சொல்கிறது. அது காப்பியடிப்பதை அளக்கும் எண். ஏஐ எழுதியதா என்று ஊகிக்கும் சதவீதம் முற்றிலும் வேறு. முதலாவதில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் காட்ட முடியும். இரண்டாவதில் காட்ட எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி '10 சதவீதத்துக்கு மேல் ஏஐ' என்று கல்லூரி சொன்னால், எந்த விதியின்படி என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாணவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும்?

செமஸ்டர் தொடங்கும்போதே, எந்த அசைன்மென்ட்டில் ஏஐ பயன்படுத்தலாம், எதில் கூடாது, பயன்படுத்தினால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஆசிரியர் போடும் ஒரு மெசேஜ்கூடப் போதும்.

கட்டுரையை கூகுள் டாக்ஸ் போன்ற, திருத்தங்கள் நேரத்தோடு பதிவாகும் இடத்தில் எழுதுங்கள். வெளியே எழுதி மொத்தமாக பேஸ்ட் செய்தால் அந்தப் பதிவு இருக்காது. ஏஐயிடம் கேட்டிருந்தால் அந்த உரையாடலையும், கையால் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றின் போட்டோவையும் சேர்த்து வையுங்கள். ஏஐ கொடுத்த நூல் பெயர், கட்டுரைப் பெயர், வழக்கின் பெயர் எதையும் தேடிப் பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத வழக்குகளை சாட்ஜிபிடி சொன்னபடியே மனுவில் போட்ட நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இந்தப் பதிவுகளை அசைன்மென்ட் வைத்ததும் அழித்துவிட வேண்டாம். செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை இருக்கட்டும்.